நாலு மணி நேரக் காத்திருப்பு

செங்குன்றத்தில் அரிசி ஆலைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காய்தல் என்றால் என்னவென்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவித்து இறக்கிய நெல்லைச் சிமென்ட் களத்தில் பரப்பி, அதன்மேல் காலால் சால் போட்டபடி அப்பா நடந்துபோவார். பின்னாலேயே நானும் சின்னதாக இன்னொரு சால் போட்டுக்கொண்டு போவேன். பாதம் சுடும், புழுங்கல் வாசனை மூக்கில் ஏறும். ஒரு சுற்று முடிந்ததும் அப்பா குனிந்து நாலு நெல்லை எடுத்து, உமியை நகத்தால் நீக்கி, அரிசியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். கடக்கென்று உடைந்தால் அள்ளலாம். பல்லில் மாவாக ஒட்டினால் இன்னும் ஒரு கிளறல் வேண்டும். அவர் அள்ளச் சொன்ன நெல் மிஷினில் நொறுங்கிப் போய் முதலாளி முகம் சுளித்ததை நான் பார்த்ததே இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஆள் இருந்திருப்பார். மொட்டை மாடியில் வடகத்தைத் திருப்பிப் பார்த்து, “இன்னும் ஒரு வெயில் வேணும்” என்று சொன்ன பாட்டியாக இருந்தாலும் சரிதான்.

அந்தக் களத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, 1991-ல் அம்பத்தூர் ஐ.டி.ஐ.யை முடித்த கையோடு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். முதல் நாளே போர்மேன் ஒரு பிடி நைலான் குருணையை என் கையில் கொட்டி, “இது காயலைன்னா நம்ம கதை கந்தல்டா தம்பி” என்றார். அப்பாவின் தொழிலுக்கே வேறு வழியாக வந்து சேர்ந்துவிட்டோமே என்று எனக்குப் பெரிய சந்தோஷம். அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னபோது அப்பா நம்பவில்லை. பிளாஸ்டிக்கைப் போய் எதற்குக் காயவைக்க வேண்டும் என்று கேட்டார். என்னிடம் அன்று பதில் இல்லை.

பதில் இதுதான். நைலான் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட், பெட் எல்லாமே கூடவோ குறையவோ குடிக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, உப்புக்கல்போல உலர்ந்துதான் இருக்கும். ஆனால் மிஷினின் பேரலுக்குள் உருகும்போது அந்த ஈரம் ஆவியாகி, வார்த்த பீஸின் மேல் வெள்ளி வெள்ளியாகக் கோடு விழும். நாங்கள் அதைச் ‘சில்வர்’ என்போம். ஷிப்ட்டில் யாராவது “சில்வர் வருதுண்ணா” என்று குரல் கொடுத்தால் மொத்தப் பேரும் அந்த மிஷினைச் சுற்றி நிற்போம். நைலான், பாலிகார்பனேட், பெட் மாதிரி சரக்குகளில் இன்னும் மோசம். உருகிய நிலையில் தண்ணீர் அந்தச் சரக்கின் மூலக்கூறுச் சங்கிலியையே வெட்டிவிடும். பீஸ் பார்வைக்கு நன்றாக இருக்கும், கீழே போட்டால் உடையும். அதனால்தான் நைலானில் ஈரம் 0.2 சதவீதத்துக்குக் கீழேயும், பாலிகார்பனேட்டில் 0.02 சதவீதத்துக்குக் கீழேயும் இருக்கவேண்டும் என்று கணக்கு.

அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது டிரே ஓவன். ஒரு இரும்பு பீரோ, உள்ளே தட்டுத் தட்டாக டிரே, கீழே ஹீட்டர், பக்கத்தில் ஒரு புளோயர். டிரேயில் ஒரு அங்குல உயரத்துக்குக் குருணையைப் பரப்பி, 80 டிகிரி வைத்து, நாலு மணி நேரம். நைட் ஷிப்ட்டில் பத்து மணிக்கு ஏற்றினால் ராத்திரி இரண்டுக்குத்தான் மிஷினுக்குச் சரக்கு. நடுவில் இருக்கிற அந்த நாலு மணி நேரத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அது வேலையில் சேராது, ஓய்விலும் சேராது, ஆனால் கம்பெனியில் நாங்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டதெல்லாம் அந்த நேரத்தில்தான். ஓவனின் தலையில் டிபன் பாக்ஸ்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பொன்னேரியிலிருந்து வருகிறவர் கொண்டுவரும் பழவேற்காட்டு இறால் தொக்கு அந்தச் சூட்டில் இளகி, நைலான் வாசனையோடு கலந்து ஒரு மணம் கிளம்பும் பாருங்கள், இன்றைக்கும் எந்த ஓட்டலில் இறால் தொக்கைச் சாப்பிட்டாலும் அதில் ஏதோ ஒன்று குறைகிறதென்றே நாக்கு சொல்கிறது. மழையில் நனைந்து வந்தவர்களின் சட்டைகள் ஓவன் பக்கத்தில் தொங்கும். ‘ரோஜா’ படம் வந்த வருஷம் ஒரு டேப் ரெக்கார்டர் வந்து சேர்ந்தது. சீட்டு இல்லை, சண்டை இல்லை. யார் தங்கைக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள், யார் வீட்டில் கூரை மாற்றவேண்டும் என்பதெல்லாம் இரண்டு மணிக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இரண்டு மணிக்குப் போர்மேன் எழுந்துபோய், டிரேயில் கைவிட்டு அளைந்து, உள்ளங்கையில் குருணை ஓடுகிற சத்தத்தைக் கேட்பார். சலசலவென்று ஓடினால் சரி.

அந்தச் சத்தத்தை நானும் கற்றுக்கொண்டேன். களத்து நெல்லும் இப்படித்தான் பேசும் என்பதால் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது.

ஆனால் ஐப்பசி பிறந்தால் எங்கள் கையும் காதும் தோற்றுவிடும். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி, அதைத் தாண்டினால் கடல். ஏரிமேல் வருகிற காற்று நேராக எங்கள் ஷெட்டுக்குள்தான் நுழையும். அடைமழை நாளில் ஓவன் எவ்வளவு நேரம் ஓடினாலும் சில்வர் நிற்காது. ஏன் என்று ஒரு வருஷம் எங்களுக்குப் புரியவில்லை. பிறகு கிண்டியில் இருக்கும் சிப்பெட்டில் ஒரு குறுகிய கால வகுப்புக்குக் கம்பெனியே அனுப்பி வைத்தது. 1968-ல் தொடங்கிய நிறுவனம் அது. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தொழில் செய்கிறவர்களில் அந்த வளாகத்துக்குள் ஒருமுறையாவது கால் வைக்காதவர்கள் குறைவு. அங்கே ஒரு ஆசிரியர் எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீரை ஊற்றி மேஜைமேல் வைத்தார். டம்ளர் வெளியே வியர்த்தது. “எந்தக் குளிர்ச்சியில வியர்க்க ஆரம்பிக்குதோ அதுதான் பனிநிலை, டியூ பாயின்ட்” என்றார். நம் கடலோரத்தில் மழைக்காலக் காற்றின் பனிநிலை 25 டிகிரியை ஒட்டி நிற்கும், அதாவது ஒரு கிலோ காற்றில் ஏறக்குறைய 20 கிராம் தண்ணீர். டிரே ஓவன் அதே காற்றைத்தான் சுடவைத்துத் திருப்பித் திருப்பிக் கொடுக்கிறது. ஈரத்துணியால் தலை துவட்டுகிற மாதிரி. நிஜமாகக் காயவேண்டுமென்றால் பனிநிலை மைனஸ் 40 உள்ள காற்று வேண்டும். அதில் கிலோவுக்கு 0.1 கிராம் தண்ணீர்கூட இருக்காது. வகுப்பு முடிந்து ரயிலில் திரும்புகிறபோது மீஞ்சூர் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே இருந்த காற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன். பிறந்ததிலிருந்து அதில்தான் இருக்கிறேன், ஆனால் அன்றுதான் அது என் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்தக் காற்றைத் தருகிற மிஷின் எங்களிடம் வந்தது 1998-ல். திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் கார் உருவாகத் தொடங்கிய வருஷம், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்த வருஷம். மாவட்டமே காரைச் சுற்றிப் பேச ஆரம்பித்திருந்தது. கார் பாகங்களுக்கு ஆர்டர் எடுக்கவேண்டுமானால் டிரே ஓவன் செல்லாது, ஈரம் நீக்கி உலர்த்தும் டீஹியூமிடிஃபையிங் டிரையர் இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை. லாரியிலிருந்து அதை இறக்கியபோது பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு நிறுத்தினோம். இரண்டு டவர், அவற்றுக்குள் மாலிக்யூலர் சீவ் மணிகள். ஒரு டவர் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். அதே நேரம் இன்னொரு டவரை 200 டிகிரிக்கு மேல் சுடவைத்து, குடித்த ஈரத்தையெல்லாம் வெளியே துரத்திவிட்டு, ஆறவைத்துத் தயாராக்கும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை வால்வு திரும்பி இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ளும். அந்த வால்வு திரும்புகிறபோது ‘டக்’ என்று ஒரு சத்தம், பின்னாலேயே ‘புஸ்’ என்று காற்று. ராத்திரி கண்ணயர்ந்தாலும் அந்த ‘டக்’ வரவில்லையென்றால் விழிப்பு வந்துவிடும். ஓடிக்கொண்டிருந்த ரயில் சட்டென்று நின்றால் தூங்குகிறவன் எழுந்துகொள்வானே, அப்படி.

மணிகளை எனக்கு அறிமுகப்படுத்தியது மெயின்டனன்ஸ் அண்ணன். அவர் ஆரம்பாக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். புது டிரம்மின் சீலை உடைத்து, ஜவ்வரிசி மாதிரி இருந்த மணிகளில் ஒரு சிட்டிகையை என் உள்ளங்கையில் வைத்து, “கையை மூடிக்காதே” என்று சொல்லிவிட்டு, டீ டம்ளரிலிருந்த தண்ணீரில் விரலை நனைத்து இரண்டு சொட்டு விட்டார். அடுத்த விநாடி உள்ளங்கை சுட்டது. நெருப்பு இல்லை, கரண்ட் இல்லை, வெறும் கல்லும் தண்ணீரும். கையை உதறிவிட்டேன். அவர் குனிந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினார். “உயிரோட இருக்கு, பார்த்தியா? சுடாத மணி செத்த மணி. மாத்திடணும்” என்றார். இன்றைக்கும் பழைய மணியில் வலு இருக்கிறதா என்று பார்க்க நான் முதலில் செய்கிற பரிசோதனை அதுதான். சம அளவு மணியையும் தண்ணீரையும் ஒரு கிண்ணத்தில் கலந்து, தெர்மோமீட்டர் எவ்வளவு ஏறுகிறதென்று புது மணியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது.

பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த மணி ஜியோலைட் என்கிற கல்லின் வம்சம். 1756-ல் குரோன்ஸ்டெட் என்ற சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் ஒரு கல்லைச் சூடாக்க, அது ஆவி விட்டுக் கொதிப்பதுபோல் இருந்ததால், கிரேக்க மொழியில் ‘கொதிக்கும் கல்’ என்று பொருள்படும்படி அந்தப் பெயரை வைத்தார். அதையே தொழிற்சாலையில் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் யூனியன் கார்பைடு, 1954-ல். ஒவ்வொரு மணிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு ஆங்ஸ்ட்ராம். அப்படி நாலு ஆங்ஸ்ட்ராம் அகலமுள்ள வாசலில் தண்ணீர் மூலக்கூறு நுழைந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொள்ளும்போது விடுகிற சூடுதான் என் கையைச் சுட்டது.

அந்த டிரையரோடு பதினெட்டு வருஷம் வாழ்ந்தேன். அதன் குணம் எல்லாம் எனக்குத் தெரியும். குருணையைக் கொட்டிவைக்கிற ஹாப்பரிலிருந்து திரும்பி வருகிற காற்றில் பிளாஸ்டிக் தூசி வரும். பில்டர் அதைப் பிடிக்கும். பிடித்துப் பிடித்து மூச்சு முட்டினால் காற்றோட்டம் குறைந்து எல்லாமே தவறும். பில்டரை மிஷினுக்குப் பக்கத்திலேயே ஏர் அடித்துச் சுத்தம் செய்யக்கூடாது, வெளியே கொண்டுபோய் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடிக்கவேண்டும். திரும்பி வருகிற காற்று அதிகச் சூட்டோடு போனால் மணிகள் ஈரத்தைப் பிடித்துவைக்காது, அதனால் நடுவில் ஒரு கூலர் உண்டு. அதன் குழாயில் நம் ஊர் உப்புத் தண்ணீர் வெள்ளையாகப் படியும், அதை ஆசிட் விட்டுக் கழுவவேண்டும். ஹோஸ் பைப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும்.

2005-ம் வருஷ மழையை வடதமிழ்நாட்டுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஐப்பசியில்தான் என் தொழில் வாழ்க்கையில் நான் மறக்க விரும்பாத ஒன்று நடந்தது. டவரைச் சுடவைக்கிற ரீஜெனரேஷன் ஹீட்டரில் மூன்று காயில். ஒன்று வெட்டிப் போயிருந்தது. டவர் சூடாகத்தான் செய்தது, போதிய அளவுக்கு ஆகவில்லை. வால்வு வழக்கம்போல ‘டக்’ என்றது, பேனலில் பச்சை விளக்கு எரிந்தது. பனிநிலை காட்டும் மீட்டர் அந்த மாடலில் கிடையாது. கையில் அள்ளினால் குருணை சலசலத்தது. பாலிகார்பனேட் கவர் ஒரு வாரம் ஓட்டினோம், கண்ணாடி மாதிரி பளபளவென்று வந்தது, அனுப்பினோம். பதினைந்து நாள் கழித்து அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகத் திரும்பி வந்தன, ஸ்குரூ முறுக்கின இடத்திலெல்லாம் விரிசலோடு. கரண்ட் ஓடுகிறதா என்று காட்டும் டாங் டெஸ்டரை எடுத்து மூன்று ஒயரிலும் மாட்டிப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. அந்தப் பெட்டிகளை இறக்கிவைத்த பெண்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மாத இன்சென்டிவ் அவர்களுக்கு இல்லை. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை டாங் டெஸ்டர் வைக்காமல் நான் விட்டதில்லை. காதையும் கையையும் மட்டும் நம்பக்கூடாது என்பதையும் அன்றுதான் ஒப்புக்கொண்டேன்.

அந்தப் பெண்களில் எளாவூரிலிருந்து வந்த ஒரு அக்கா கேட்ட கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது. நைலான் கிளிப் மோல்டிங்கிலிருந்து வந்ததும் மொறுமொறுவென்று இருக்கும், வளைத்தால் முறியும். அதனால் பெரிய டிரம்மில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கிளிப்புகளைத் துணிமூட்டையாகக் கட்டி அதில் போடுவோம். ஈரத்தைக் குடித்ததும் அதற்கு வளையும் தன்மை வந்துவிடும். “ராத்திரி பூரா அந்தத் தண்ணிய வெரட்டத்தானே முழிச்சிருந்தீங்க? காலையில தண்ணியிலயே கொண்டாந்து போடுறீங்களே தம்பி!” என்றார். மூட்டையை எடுத்துப் பிரிக்கும்போது எழும் ஆவியில் முகத்தைக் காட்டி நின்ற மார்கழிக் காலைகள் எத்தனை! இப்போது அந்த டிரம் இல்லை. ஈரமும் சூடும் அளந்து கொடுக்கிற ஒரு மூடிய அறை இருக்கிறது. யாருக்கும் கை வெந்துபோவதில்லை, அது நல்லதுதான்.

மின்வெட்டுக் காலத்தையும் சொல்லவேண்டும். 2008-ல் ஆரம்பித்து 2012-ல் உச்சத்துக்குப் போனது. கரண்ட் போனால் ஹாப்பர் ஆறும், வந்தால் மறுபடி நாலு மணி நேரம் முதலிலிருந்து. முதலாளிக்கு வயிற்றெரிச்சல், எங்களுக்கும் கஷ்டம்தான். ஆனால் அந்த இருட்டில் காம்பவுண்ட் சுவரோரம் உட்கார்ந்து, கல்கத்தா லைனில் போகிற கூட்ஸ் வண்டிக்கு எத்தனை பெட்டி என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, டிரே ஓவன் காலத்துக் காத்திருப்பு திரும்பி வந்ததுபோல் இருந்தது. அந்த அமைதி அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

2016-ல் வர்தா புயல் ஷெட்டின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதில் பழைய டிரையர் முழுக்க நனைந்துபோனது. அடுத்து வந்தது ரோட்டர் டிரையர். டவர் கிடையாது, வால்வு கிடையாது. தேன்கூடு மாதிரி ஒரு சக்கரம், அதன் உடம்பெல்லாம் அதே ஜியோலைட், மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஒரு பக்கம் குடிக்கும், மறுபக்கம் உலரும். முன்னால் ஒரு திரை, அதில் ‘-42’ என்று எண். எண் ஏறினால் என் போனுக்குச் செய்தி வரும். தானாகச் சரக்கை உறிஞ்சிக்கொள்ளும், ஓட்டம் குறைந்தால் தானாகச் சூட்டைக் குறைத்துக்கொள்ளும், நைலான் அதிகம் காய்ந்து மஞ்சளடிப்பதுகூட இப்போது இல்லை. 2005 போல ஒன்று மறுபடி நடக்காது என்று நிம்மதியாகத் தூங்குகிறேன். இந்த மிஷினை எனக்குப் பிடிக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் தலை சூடாவதில்லை. நல்ல இன்சுலேஷன். டிபன் பாக்ஸ் வைத்தால் வைத்தபடியே ஆறிக் கிடக்கும். கேன்டீனில் மைக்ரோவேவ் இருக்கிறது; ஒவ்வொருவராகப் போய் ஒரு நிமிஷம் சுடவைத்து, தனித்தனியாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். நாலு மணி நேரம் யாரும் காத்திருப்பதில்லை. மிஷினே காத்துக்கொள்கிறது.

இப்போது என்னோடு நைட் ஷிப்ட் பார்க்கிறவன் ஒடிசாக்காரப் பையன், கேந்திராபாரா பக்கம். கோரமண்டல் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி மூன்று வருஷம் ஆகிறது. என்னை ‘சாச்சா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் இப்போது ‘அண்ணா’ என்கிறான். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, வெளியே கொட்டுகிற மழையைப் பார்த்துக்கொண்டே, அவன் வீட்டில் குளிர்காலத்தில் உளுந்தை அரைத்துக் கூரைமேல் சின்னச் சின்னதாகக் கிள்ளிவைத்து ‘படி’ என்று ஒன்று காயவைப்பார்கள் என்று சொன்னான். காய்ந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். “அம்மா காதுகிட்ட ஆட்டிப் பார்ப்பாங்க அண்ணா” என்றான். எழுந்து போய் அலமாரியிலிருந்து ஹாட் பிளேட்டையும் கண்ணாடித் துண்டுகளையும் எடுத்து வந்தேன்.

திரையில் -41 என்று இருந்தது. ஹாப்பரின் அடியிலிருந்து ஐந்து பாலிகார்பனேட் குருணையை எடுத்து, சூடேறிய கண்ணாடித் துண்டின்மேல் வரிசையாக வைத்து, இன்னொரு கண்ணாடியால் மூடி, ஐஸ்கிரீம் குச்சியால் மெல்ல அழுத்தினேன். குருணைகள் உருகி வட்ட வட்டமாகப் பரந்தன. ஈரம் இருந்தால் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் நுரைபோல் குமிழி வரும். பையன் குனிந்து, மூச்சுக்காற்று படாமல் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தான். நாலு வட்டம் தெளிவாக இருந்தன. ஐந்தாவதில் ஒரே ஒரு குமிழி.

“ஈரம்” என்றான்.

அழுத்தும்போது மாட்டிக்கொண்ட காற்றாகத்தான் இருக்கும் என்றேன். அவன் தலையாட்டி மறுத்தான். திரையைக் காட்டினேன். அவன் திரையைப் பார்க்கவில்லை, குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தான். மழை இன்னும் விடவில்லை. அவனே எழுந்து போய் ஹாப்பரிலிருந்து புதிதாக ஐந்து குருணையை எடுத்து வந்தான். நான் இன்னொரு கண்ணாடித் துண்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.